பாட்டு ஓடுனாதான் ராடு ஏறுமா?

வாசகர் கேள்வி (மயிலாடுதுறை பக்கம்):
அண்ணே, எங்க ஜிம்ல ஸ்பீக்கர் ரிப்பேராயி கிடக்கு. பாட்டு நின்னதுல இருந்து பெஞ்ச் ப்ரெஸ்ல (மல்லாக்கப் படுத்து நெஞ்சுலேர்ந்து ராட மேல தள்ளுறது) 80 கிலோவுக்கு ரெப் (விடாம எத்தன தடவ தள்ளுறோம்ங்குற எண்ணிக்கை) குறைஞ்சுபோச்சு. மாஸ்டர்கிட்ட சொன்னா, பாட்டு கேட்டு வெயிட் அடிக்கிறவன் குடிச்சுட்டு சண்டைக்குப் போறவன் மாதிரி, அது நெஜ பலம் இல்லங்குறாரு. பாட்டுக்கும் பலத்துக்கும் உண்மையிலேயே சம்மந்தம் இருக்கா, இல்ல எல்லாம் மனப்பிராந்தியா?

பிப்ரவரி 22, இரவு 10.15
மனப்பிராந்தி கிடையாது தம்பி. ஆனா மாஸ்டர் சொல்றதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு. ரெண்டு வேற வேற கேள்வி இதுல ஒட்டிக்கிட்டு கிடக்கு. 80 கிலோவ எத்தன ரெப் தள்ளுவங்குறது ஒண்ணு, உசுரக் குடுத்து ஒரே ஒரு ரெப் எத்தன கிலோ தள்ளுவங்குறது இன்னொண்ணு. பாட்டு வேலை செய்யுறது பெரும்பாலும் மொதல் கேள்விக்குத்தான். லண்டன் புரூனல் யுனிவர்சிட்டில காஸ்டாஸ் கராகியார்கிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 90கள்ல இருந்து இதையே வேலையா வெச்சிருக்காரு, ஓடுறது சைக்கிள் மிதிக்கிறது எல்லாத்துலயும் பாட்டு என்ன பண்ணுதுன்னு. அவங்க சொல்றதோட சாரம் என்னன்னா, மிதமான வேலை செய்யும்போது பாட்டு நம்ம கவனத்த வலிலேர்ந்தும் மூச்சு வாங்குறதுலேர்ந்தும் பிடுங்கி வெளிய வெச்சுக்குது, அதனால அதே வேலை லேசாத் தெரியுது, இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் புடிக்கிறோம். வேலை ரொம்பக் கடுமையாப் போச்சுன்னா ஒடம்பு போடுற கூச்சல்ல பாட்டு காதுலயே ஏறாது.

அப்ப உன் 80 கிலோ? அது உன்னோட மேக்ஸ் இல்லல்ல, கடைசி ரெண்டு ரெப் வரைக்கும் அது நடுத்தர வேலைதான். அந்தக் கடைசி ரெண்டைத்தான் பாட்டு வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு.

பிப்ரவரி 23, காலை 6.50
ஒண்ணு விட்டுட்டேன். பெஞ்ச் ப்ரெஸ்ஸ வெச்சே அமெரிக்காவுல பாத்திருக்காங்க. தனக்குப் புடிச்ச பாட்டு ஓடும்போது ராடு வேகமாவும் ஏறுது, ரெப்பும் கூட வருது. அதே ஆளுக்குப் புடிக்காத பாட்டப் போட்டா அது வரல. கவனிங்க, "புடிச்ச பாட்டு". சத்தமான பாட்டுன்னோ குத்துப் பாட்டுன்னோ சொல்லல. இப்ப சொல்லுங்க, உங்க ஜிம் ஸ்பீக்கர்ல ஓடுறது யாருக்குப் புடிச்ச பாட்டு?

பிப்ரவரி 26, இரவு 11
அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களப் பாத்தா எல்லா ஊர்லயும் ஒரே கதைதான் போல. "எவன் ப்ளூடூத் மொதல்ல கனெக்ட் ஆகுதோ அவன் பாட்டு."

எங்க ஜிம் கும்பகோணத்துல, மகாமகக் குளத்துலேர்ந்து நடந்து போற தூரம். மாடி மேல தகர ஷீட்டு போட்ட ஹால். ராடுல கை புடிக்கிற எடத்துல சொரசொரப்பெல்லாம் தேஞ்சு போயி வழவழன்னு இருக்கும், வேர்த்த கையோட டெட்லிஃப்ட் (தரைல கெடக்குற ராட குனிஞ்சு புடிச்சு நிமிர்ந்து தூக்குறது) பண்ணா வழுக்கும், அதுக்கு ஒரு ஓரத்துல சாக்பீஸ் தூள் டப்பா. ரெண்டு டவர் ஸ்பீக்கர், ஒண்ணுல வூஃபர் கிழிஞ்சு போயி கொரகொரன்னு இரையும். சாயங்காலம் ஆறரைக்கு மேல காலேஜ் பசங்க கூட்டம், ஹீரோ இன்ட்ரோ பாட்டா ஓடும், ஏழரைக்கு மேல பஜார்ல கடை வெச்சிருக்குற அண்ணனுங்க வந்தா எய்ட்டீஸ் மெலடிக்கு மாறும், நடுவுல ரெண்டு கூட்டமும் சந்திக்கிற அரை மணி நேரம்தான் பஞ்சாயத்து. இதுல காசு கட்டாத ஆப் வேற, ஒருத்தன் ஸ்குவாட்ல கீழ உக்காந்து மேல வர்றதுக்குத் திணறிக்கிட்டு இருப்பான், பாட்டு பட்டுன்னு நின்னு ஒரு பொண்ணு குரல் "விளம்பரமில்லாமல் கேட்டு மகிழுங்கள்"னு சொல்லும். அந்த ராடு கீழ போறத நானே பாத்திருக்கேன்.

எய்ட்டீஸ் மெலடில வெயிட் அடிக்க முடியுமான்னு சிரிக்காதீங்க. அந்தக் கடைக்கார அண்ணன் ஒருத்தர் வயலின் பிட்டு ஓடும்போதுதான் கனமான செட்டு போடுவாரு. அவருக்குப் புடிச்சது அது. முடிஞ்சது.

பிப்ரவரி 27
பாட்டோட வேகம், அதான் டெம்போ, எவ்ளோ இருக்கணும்னு கேட்டவருக்கு: நிமிஷத்துக்கு 120 லேர்ந்து 140 தாள அடி வரைக்கும் நல்லதுன்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா அது ஓடுறவங்களுக்கும் மிதிக்கிறவங்களுக்கும்தான் ரொம்பப் பொருந்தும். காலடி தாளத்தோட சேந்துக்கும் பாருங்க. 1998ல பர்மிங்காம் இண்டோர்ல எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரெசெலாசி 2000 மீட்டர் உலக சாதனை பண்ணப்ப தனக்குத் தோதான ஒரு பாட்ட ஸ்டேடியம் ஸ்பீக்கர்லயே போடச் சொல்லி அதுக்கு ஓடுனாரு. டெட்லிஃப்ட்ல யாரும் தாளத்துக்குத் தூக்குறதில்ல. தாளத்துக்குத் தூக்குனா இடுப்புப் புடிச்சுக்கும்.

மார்ச் 4, இரவு 9.40
நேத்து நடந்தத சொல்லணும். சரியா கூட்டம் நெரியுற நேரம், ஏழு மணி இருக்கும், கரண்ட் போச்சு. பாட்டு கட், ஃபேன் கட், இருட்டு. இன்வெர்ட்டர்ல ஒரே ஒரு லைட்டு. போன் டார்ச்ச டம்பிள்ஸ் ரேக்குல சாச்சு வெச்சாங்க. அப்பதான் தெரிஞ்சுது, எங்க ஜிம்ல இவ்ளோ சத்தம் இருக்கான்னு. யாரு எப்படி மூச்சு விடுறாங்க, யாரு எத்தனாவது ரெப்ல தொண்டையச் செருமுறாங்க, எல்லாம் கேக்குது. பாதிப் பேரு கெளம்பிட்டாங்க. ஸ்பீக்கருக்காக வந்தவங்கன்னு எங்க ஜிம் மாஸ்டர் கிண்டல் பண்ணாரு, ஆனா நெஜமா ஃபேனுக்காக வந்தவங்க அவங்க.

மிச்சம் இருந்தவங்கள்ல ஒரு பையன், லாரி ஷெட்டுல வேலை பாக்குறாப்ல, டெட்லிஃப்ட் ராடுல பிளேட் ஏத்திக்கிட்டு இருந்தாப்ல. ரொம்ப நாளா 150ல மாட்டிக்கிட்டு நிக்கிற ஆளு. வேற வேலை இல்லாததால எல்லாரும் சுத்தி வந்து நின்னோம். குனிஞ்சு ராடப் புடிச்சதும் ஒருத்தர் "ஏய் தூக்குடா!"ன்னு ஒரு அதட்டு போட்டாரு, அவனும் ஒரு கத்து கத்துனான், ராடு முழங்கால தாண்டி நின்னு நின்னு மேல வந்துருச்சு. 155. பாட்டு இல்ல, காத்து இல்ல, ஒழுங்கா வெளிச்சம் கூட இல்ல.

மார்ச் 5, காலை
நேத்து எழுதுனதுக்குக் கீழ "அப்ப பாட்டு தேவையே இல்லன்னு ஒத்துக்கங்க"ன்னு ஒருத்தர். அவசரப்படாதீங்க. அது ஒரே ஒரு ரெப். நான் மொதல் நாளே பிரிச்சேன்ல, அந்த ரெண்டாவது கேள்வி இது. இங்க ஸ்பீக்கர விட ஆளுங்கதான் வேலை செய்யுறாங்கங்குறது என் அனுமானம்.

இதுக்குப் பழைய ஆராய்ச்சி ஒண்ணு உண்டு. 1961ல இகாய், ஸ்டைன்ஹாஸ்னு ரெண்டு பேரு, முழங்கைய மடக்குற பலத்த அளந்துக்கிட்டே வந்தாங்க. திடீர்னு ஆளுக்குத் தெரியாம பின்னாடி துப்பாக்கி வெடிச்சா அடுத்த இழுவைல பலம் சராசரியா 7.4 சதவீதம் கூடுச்சு. இழுக்குறவன் தானே கத்திக்கிட்டு இழுத்தா 12.2 சதவீதம். துப்பாக்கிச் சத்தத்த விட சொந்தக் கத்தலுக்கு மவுசு அதிகம்! தசைல ஏற்கெனவே பலம் இருக்கு, மூளைதான் முழுசா அவுத்துவிடாம இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கு, அதிர்ச்சியோ கத்தலோ அந்தப் பிடிய கொஞ்சம் தளர்த்துதுங்குறதுதான் அவங்க சொன்ன விளக்கம்.

உடனே 100 தூக்குறவன் கத்துனா 112 வரும்னு கணக்குப் போட்டு முதுக ஒடச்சிக்காதீங்க. அது கை மடக்குற பலம், உக்காந்து இழுத்தது. டெட்லிஃப்ட்ல பலம் மட்டும் இல்ல, முதுகு நிமிர்ந்து நிக்கணும், புடி நிக்கணும், எவ்வளவோ இருக்கு. அப்பறம், ஒவ்வொரு டம்பிள் கர்லுக்கும் கத்துறவனுக்கு ஒரு வார்த்தை: எல்லா ரெப்புக்கும் கத்துனா அது வெறும் இரைச்சல், பக்கத்துல இருக்கறவனுக்குத் தலைவலி.

மார்ச் 9
பக்கத்துல ஆளு நின்னா என்ன ஆகும்னு கரப்பான்பூச்சி வெச்சு ஒரு ஆராய்ச்சி இருக்காமே, அதப் பத்தி எழுதுங்கன்னு கேட்டிருக்காங்க. எழுதாம இருப்பேனா.

ராபர்ட் ஸாயோன்ஸ்னு ஒரு மனோதத்துவ அறிஞர், 1965ல ஒரு விஷயம் சொன்னாரு. பக்கத்துல ஆளு இருந்தா நல்லாப் பழகுன வேலை இன்னும் நல்லா வரும், பழகாத வேலை இன்னும் மோசமா வரும். 1969ல அதக் கரப்பான்பூச்சி வெச்சு சோதிச்சாங்க. நேரான பாதைல ஓடவிட்டு சுத்தி மத்த கரப்பான்பூச்சிகள வேடிக்கை பாக்க வெச்சா வேகமா ஓடுது. திருப்பம் இருக்குற பாதைல விட்டா, வேடிக்கை பாக்க ஆளு இருக்கும்போது தடுமாறி லேட்டாப் போவுது. கரப்பான்பூச்சிக்கே மானம் மரியாதை இருக்குன்னு தெரியுது. (எங்க ஜிம் பாத்ரூம்ல இருக்குறதுங்க மட்டும் யாரு பாத்தாலும் அசையாது.)

லாரி ஷெட்டு பையனுக்கு டெட்லிஃப்ட் நேர்ப் பாதை. வருஷக்கணக்கா பண்ணுறான். கூட்டம் நின்னா அவனுக்கு லாபம். போன வாரம் சேந்த ஒரு பையன ஸ்குவாட் ரேக்குல நிக்க வெச்சு நாலு சீனியர் சுத்தி நின்னு ஆளுக்கொரு யோசனை சொன்னா அவன் முட்டி கோணித்தான் உக்காருவான், கால் உள்ள சாயும், குதிகால் தூக்கும். எங்க ஜிம்ல தெனம் நடக்குறது. புதுசா வர்றவங்கள ஓரத்துல, கூட்டம் இல்லாத காலைல பழக்கணும், பாட்டு கூட மெதுவா இருந்தா நல்லது, மாஸ்டர் சொல்றது காதுல விழணும்ல.

மார்ச் 10
நேத்து எழுதுனதப் படிச்சுட்டு என் தங்கச்சி போன் பண்ணி நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குனா. "பக்கத்துல ஆளு நின்னா பலம் கூடும்னு எழுதியிருக்கியே, யாரு நிக்கிறாங்கன்னு ஒண்ணு இருக்குல்ல?" அவ தஞ்சாவூர்ல ஒரு ஜிம்முக்குப் போறா. லேடீஸ் டைம் காலைல பத்து டு பன்னெண்டு, வேலைக்குப் போறவளுக்கு அது உதவாது, சாயங்காலம் போனா கண்ணாடி வழியா நாலு கண்ணு. அப்ப 40 கிலோ பழகுன வெயிட்டே கனக்குதாம். காதுல இயர்பட்ஸ் மாட்டுறது பாட்டு கேக்க இல்லியாம், யாரும் பேச்சுக் குடுக்காம இருக்கவாம், பாதி நாளு அதுல பாட்டே ஓடாதாம்.

ஸாயோன்ஸ் சொன்னதுக்கு மேல இது ஒரு படி. பாக்குறவன் உன் பக்கம் நிக்கிறானா, உன்ன எடை போடுறானா? ஜிம் வாசல்ல ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி படம் ஒட்டி விளம்பரம் பண்ணுற ஓனருங்க இதப் பத்தி யோசிக்கிறதே இல்ல.

மார்ச் 16, ஞாயிறு
ஒரு பெரியவர் எழுதியிருக்காரு: "அந்தக் காலத்துல ஏத்தம் எறச்சவன் பாட்டோடதானே எறச்சான், நடவு நட்டவ பாட்டோடதானே நட்டா, பாட்டுதான் பலம்." ஐயா, மரியாதையோட ஒரு மறுப்பு. ஏத்தப் பாட்டு பலத்துக்கு இல்ல, எண்ணிக்கைக்கும் ஒத்து வாங்குறதுக்கும். இத்தனாவது சால்னு பாட்டுக்குள்ளயே எண்ணு வரும், மேல மிதிக்கிறவனும் கீழ எறைக்கிறவனும் ஒண்ணா சேரணும், அதுவும் விடியறதுக்கு முன்னாடி புடிச்சு மணிக்கணக்கா. நடவும் அப்படித்தான், குனிஞ்ச முதுகோட நாள் பூரா. நீண்ட நேர வேலை, மிதமான பாரம். கராகியார்கிஸ் லண்டன்ல ட்ரெட்மில் வெச்சு எதச் சொல்றாரோ அது.

இதுக்கு எதிர்ப்பக்கம் பாக்கணும்னா இப்ப நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போங்க. ஒரு மூட்ட 40 கிலோ. கீழ ரெண்டு பேரு மூட்டையோட காதப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டி, "ம்"னு ஒரு சத்தம், அடுத்த நொடி மூணாவது ஆளு தலைல உக்காந்துருச்சு, பலகைல ஏறி லாரிக்குள்ள போயாச்சு. பாட்டுக் கீட்டு ஒண்ணும் கிடையாது. அந்த "ம்" மட்டும்தான். அது ஒரு நொடி முந்துனாலும் பிந்துனாலும் கழுத்து காலி. எங்க பெரியப்பா பையன் சீசனுக்கு அந்த வேலைக்குப் போறான், ஜிம்முக்குக் கூப்புட்டேன், "அங்க தூக்குனா காசு குடுக்குறாங்க, நீ காசு குடுத்துட்டுத் தூக்குற"ன்னுட்டான். பதில் இல்ல என்கிட்ட.

மார்ச் 28
ஸ்பீக்கர் சரியாயிருச்சாம் மயிலாடுதுறைத் தம்பிக்கு, ரெப்பும் திரும்ப வந்துருச்சாம். வாழ்த்துக்கள். மாஸ்டர் இன்னும் ஒத்துக்கலையாம்.

ஏப்ரல் 8, இரவு 11.30
திருவாரூர் போயி ஆழித்தேர் பாத்துட்டு இப்பதான் வந்தேன், கால் ரெண்டும் கழண்டுருச்சு, ஆனா தூங்குறதுக்கு முன்னாடி இத எழுதிப்புடணும். 96 அடி ஒசரம், 300 டன் பக்கம் எடை. வடத்தப் புடிச்சா மொதல்ல ஒண்ணும் நடக்காது. ஆளுக்கு ஆளு இஷ்டத்துக்கு இழுக்குறாங்க, வடம் நெளியுது, தேர் அப்படியே நிக்குது. "ஆரூரா தியாகேசா"ன்னு முன்னாடி ஒரு குரல் கெளம்பி பின்னாடி வரைக்கும் வந்து எல்லாரும் ஒண்ணா அடிவயித்துலேர்ந்து சொல்லும்போது வடம் விறைச்சு கையில ஒரு அதிர்வு தெரியும் பாருங்க, அப்பதான் சக்கரம் ஒரு முனகு முனகி நகரும். பின்னாடி புல்டோசரும் தள்ளுது, இல்லன்னு சொல்லல. ஆனா முன்னாடி நிக்கிறவனுக்கு அது எங்க தெரியுது.

இத ஒரு பிரெஞ்சுக்காரர் கணக்காவே போட்டிருக்காரு. ரிங்கல்மான், விவசாயப் பொறியாளர், 1913ல வெளியிட்டாரு. கயிறு இழுக்குற ஆளு கூடக் கூட ஒவ்வொருத்தரும் போடுற பலம் கொறஞ்சுக்கிட்டே வருது. எட்டு பேர் இழுத்தா தனியா இழுக்குறப்ப போடுறதுல ஏறக்குறைய பாதிதான் ஒவ்வொருத்தர் பங்கும். ஒரு காரணம் "நம்ம ஒருத்தன் விட்டா என்ன"ங்குற சோம்பேறித்தனம், இன்னொரு காரணம் ஒரே நேரத்துல இழுக்காதது. அந்த ரெண்டாவதத்தான் கோஷம் சரி பண்ணுது. மொதல்லதுக்குத் தியாகேசர் பொறுப்பு.

ஆக "கூட்டம் இருந்தா பலம் கூடும்"னு மார்ச்ல பேசுனதுக்கு இங்க ஒரு வாலு சேருது. உன்னப் பாக்குற கூட்டம் உன் பலத்த ஏத்தும், உன்கூட சேந்து இழுக்குற கூட்டத்துக்குள்ள உன் பலம் ஒளிஞ்சுக்கும். ஜிம்ல ஸ்பாட்டர் (ராடு மேல விழாம புடிக்கப் பக்கத்துல நிக்கிறவன்) ராடுக்கு அடில கைய வெச்சுக்கிட்டு "எல்லாம் நீதான் ப்ரோ, நான் தொடவே இல்ல"ன்னு பாதி வெயிட்ட அவனே தூக்குறான்ல, அதுவும் ரிங்கல்மான் கணக்குதான்.

ஏப்ரல் 9
தேர் பத்திப் படிச்சுட்டு நீடாமங்கலம் பக்கத்துத் தவில் கலைஞர் ஒருத்தர் எழுதியிருக்காரு (பேரு வேண்டாம்னு சொன்னாரு). சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது தோள்ல பல்லக்கு தாங்குறவங்க நடை மாறுறத அவரு எதிர்ல நின்னே பாக்குறாராம். கம்பீர நாட்டை ராகத்துல நாயனம் எடுத்ததும் அதுவரைக்கும் கோணலா நின்ன தண்டு நேராயிடும், காலு சேந்து விழும்கிறாரு. ஆனா அவரே இன்னொண்ணும் சொன்னாரு, சாமிய மொதமொதல்ல தரைலேர்ந்து தூக்குற அந்த நேரம் யாரும் மேளத்தக் கேக்குறதில்ல, "தூக்கு"ன்னு தலைமை ஆளு சொல்ற ஒரு சத்தத்தத்தான் கேக்குறாங்க. மேளம் நடக்குறதுக்கு, சத்தம் தூக்குறதுக்கு. பிப்ரவரிலேர்ந்து நான் வளவளன்னு எழுதுறத மனுசன் நாலு வரில முடிச்சுட்டாரு. கூடவே வலந்தலைல (தவிலோட வலது பக்கம்) விரல்கூடு மாட்டி மணிக்கணக்கா வாசிச்சா மணிக்கட்டு வலிக்குது, டம்பிள்ஸ்ல என்ன பண்ணலாம்னு கேட்டாரு. அவருக்குத் தனியா எழுதிட்டேன்.

ஏப்ரல் 12
காது. இத யாருமே பேசல. போன்ல டெசிபல் ஆப் போட்டு எங்க ஹால்ல வெச்சுப் பாத்தேன், தகர ஷீட்டு எதிரொலியோட 95க்கு மேல ஆடுது. போன் ஆப்ப முழுசா நம்ப முடியாது, இருந்தாலும் ஒரு குத்துமதிப்பு. அமெரிக்காவுல வேலை செய்யுற எடத்துப் பாதுகாப்ப ஆராயுற நியோஷ் (NIOSH) அமைப்போட கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், மூணு மூணா ஏற ஏற நேரம் பாதி பாதியாக் கொறையும். 94ல ஒரு மணி நேரம், 100ல கால் மணி நேரம்தான். எங்க ஜிம் மாஸ்டர் காலைல அஞ்சரைக்கு வந்து ராத்திரி பத்துக்குப் போறாரு. ரெண்டு தடவ கூப்புட்டாத்தான் திரும்புறாரு இப்பல்லாம். சவுண்ட ஏத்துனா பலம் ஏறும்னு எவனோ கிளப்பிவிட்டது. புடிச்ச பாட்டு நடுத்தர சத்தத்துல ஓடுனாலே அந்த ரெண்டு ரெப் வந்துரும், காதுல ஙொய்ங்னு கேக்குற அளவுக்கு வேண்டாம்.

ஏப்ரல் 13
மாவட்டப் போட்டிக்குப் போறேன்னு சொன்ன பையனுக்கு மட்டும்: பவர்லிஃப்டிங் மேடைல உன் ப்ளேலிஸ்ட் ஓடாது. ராடு ரெடின்னு கூப்புட்டதும் ஒரு நிமிஷம்தான் கணக்கு. பெஞ்ச்ல நடுவர் "ஸ்டார்ட்" சொல்லணும், நெஞ்சுல நிறுத்துனதும் "ப்ரெஸ்", மேல பூட்டுனதும் "ரேக்". இத காதுல வாங்காம தள்ளுனா எத்தன கிலோ ஏத்துனாலும் சிவப்பு லைட்டுதான். அதனால வாரத்துல கனமான செட்டு ஒண்ணயாவது பாட்ட நிறுத்திட்டு, யாரையாவது இந்த மூணு வார்த்தையும் சொல்லச் சொல்லி பழகு. மிச்ச செட்டுக்கெல்லாம் தாராளமா பாட்டு போட்டுக்க.

ஏப்ரல் 15
"உங்க பேச்செல்லாம் சரி, என் ஒடம்புக்கு பாட்டு உதவுதான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது"ன்னு மயிலாடுதுறைத் தம்பி திரும்ப வந்திருக்காரு. ஈசிதான். ஒரே வெயிட்ட எடுத்துக்க, உன் 80ஐயே எடுத்துக்க. வாரத்துக்கு ஒரு நாளு, ஒரே நேரம், அதே வார்ம்-அப், முந்தின ராத்திரி ஒழுங்காத் தூங்கியிருக்கணும். உள்ள நுழையுறப்ப காச சுண்டு, தல விழுந்தா புடிச்ச பாட்டு, பூ விழுந்தா சைலன்ஸ். இனிமே முடியாதுங்குற வரைக்கும் தள்ளு, ரெப்ப நீ எண்ணாத, ஸ்பாட்டர் எண்ணட்டும், அவன் ராட தொட்ட ரெப்பு கணக்குல சேராது. பாட்டு நாளு சைலன்ஸ் நாளு ரெண்டும் நாலஞ்சு சேரட்டும், அப்பறம் நோட்டப் பாரு. முக்கியமா மாஸ்டர் பக்கத்துல நிக்கக் கூடாது. அவரு நின்னா பாட்ட அளக்குறியா அவர அளக்குறியான்னு தெரியாமப் போயிரும்.